அந்த ஸ்கிரீன்ஷாட்டும் ஆஸ்கர் வைல்டின் விடுதி பாக்கியும்

நவம்பர் 30 அன்று நான் எழுதிய பதிவுக்குக் கீழே ஒட்டப்பட்ட அந்த ஸ்கிரீன்ஷாட்டை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் அதை எனக்கே அனுப்பியும் வைத்தீர்கள். ஆகவே முழுக் கதையையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஐரிஷ் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு 1900இல் பாரிஸில் கையில் காசில்லாமல், கடனோடு இறந்தார் என்று எழுதியிருந்தேன். அவர் இறந்த அதே ஹோட்டலின் இன்றைய முன்பதிவுப் பக்கத்தைப் படம் பிடித்து, மயில் ஓவியச் சுவரோடு ஜொலிக்கும் அறையையும் அதன் ஓர் இரவு வாடகையையும் சிவப்பு வட்டமிட்டு, "இதுதான் சார் உங்க வறுமையா? இந்த வறுமை எங்களுக்கும் வேணுமே" என்று ஒருவர் போட்டார். நான் கடைசியாகப் பார்த்தபோது முந்நூறுக்கு மேல் சிரிப்புக் குறிகள். என் பதிவுக்கு விழுந்த விருப்பக் குறிகளைப் போல ஐந்து மடங்கு. கணக்குப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பொறுமையாகவே சொல்கிறேன். அந்த ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது அவர் தங்கிய விடுதி அல்ல. முகவரி அதுதான்: பாரிஸின் செயின் நதிக்கு இடப்புறம், ரூ தே போஸார் தெரு, 13ஆம் எண். ஆனால் 1900இல் அதன் பெயர் ஒத்தெல் தல்சாஸ். துப்புவாரியே என்ற சாதாரண மனிதர் நடத்திய சாதாரண விடுதி. கையில் இருப்பதற்குள் நாட்களைத் தள்ள வேண்டியவர்கள் வந்து தங்கும் இடம். 1960களின் பிற்பகுதியில்தான் அந்தக் கட்டடத்தை வாங்கியவர்கள் அதை 'லொத்தெல்' என்ற சொகுசு விடுதியாக மாற்றினார்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் ழாக் கார்சியா என்ற புகழ்பெற்ற உள்ளலங்கார வடிவமைப்பாளர் அதை மறுபடியும் புதுப்பித்தார். மொத்தமே இருபது அறைகள். நீங்கள் வட்டமிட்ட அந்த மயில்கள் வைல்டு மண்ணுக்குள் போய் அறுபது ஆண்டுகளுக்கும் மேல் ஆன பிறகு வந்த மயில்கள். அவர் பார்த்த சுவரில் இருந்தது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒரு சுவர்த்தாள். அதைப் பார்த்துத்தான், "எனக்கும் இந்தச் சுவர்த்தாளுக்கும் சாகும்வரை சண்டை, இருவரில் ஒருவர் போயாக வேண்டும்" என்று அவர் சொன்னதாக ஒரு தோழி எழுதிவைத்திருக்கிறார். அது அவருடைய கடைசி வாக்கியம் என்று பகிர்கிறவர்களுக்கு: அதைச் சொல்லி சில வாரங்கள் அவர் உயிரோடுதான் இருந்தார். சுவர்த்தாள் வென்றது.

ஆக, ஸ்கிரீன்ஷாட்டில் நீங்கள் வட்டமிட்ட தொகை அவருடைய செல்வத்தின் விலை அல்ல. அவர் அங்கே கதியற்று இறந்தார் என்பதனால் ஏறிய விலை. இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொண்டால் போதும், மீதிப் பதிவை நீங்கள் படிக்காமலே போகலாம்.

புரிந்துகொள்ளமாட்டீர்கள் என்று தெரியும் என்பதால் தொடர்கிறேன்.

அவர் எப்படி அங்கே வந்து சேர்ந்தார்? ஆண்களோடு கொண்ட உறவு அன்று இங்கிலாந்தில் குற்றம்; அதற்காக 1895 ஏப்ரல் 5 அன்று லண்டனின் கடோகன் ஹோட்டலில் கைதானார். அதே மாதத்தில் அவருடைய வீட்டுப் பொருள்கள் கடன்காரர்களுக்காக ஏலம் போயின. மே 25 அன்று இரண்டாண்டுக் கடுங்காவல் தண்டனை. 1897இல் வெளியே வந்தவர் செபாஸ்டியன் மெல்மத் என்ற மாற்றுப் பெயரில் பிரான்ஸுக்குப் போனார். சிறையைப் பற்றி எழுதிய நெடுங்கவிதை 1898இல் வெளிவந்தபோது ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சி.3.3' என்ற அவருடைய சிறை அறை எண்தான் இருந்தது. பாரிஸில் விடுதி விடுதியாக மாறினார். ஒரு விடுதியில் பாக்கிக்காக அவருடைய உடைமைகளைப் பிடித்துவைத்துக்கொண்டபோது, அந்தப் பாக்கியைத் தன் கையிலிருந்து கட்டிப் பொருள்களை மீட்டுத் தந்து, தன் விடுதியில் இடமும் கொடுத்தவர் துப்புவாரியே. மாற்றுத் துணியையே மீட்க முடியாத ஒருவருக்குக் கிடைத்த கூரை அது. அதைத்தான் சிவப்பு வட்டமிட்டு ஆடம்பரம் என்கிறீர்கள்.

இனி எதிர்ப்பாட்டுகள். "ஷாம்பெயின் குடித்தவர்தானே, வசதிக்கு மீறிச் சாகிறேன் என்று அவரே சொல்லவில்லையா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொன்னார். வாழ்ந்ததைப் போலவே வசதிக்கு மீறிச் சாகிறேன் என்று அவர் சொன்னதாகத்தான் நண்பர்கள் சொல்கிறார்கள். அது நகைச்சுவை, ஐயா. மருத்துவச் செலவுக்கு வழியில்லாதவன் தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டது. 1900 அக்டோபரில் அவருடைய காதில் செய்த அறுவை சிகிச்சை நடந்ததே அந்த விடுதி அறைக்குள்தான். அந்தக் காதிலிருந்துதான் மூளையுறை அழற்சி வந்து, 46 வயதில் முடிந்தது. நான் அவரைப் புனிதராக்க வரவில்லை. விடுதிக்காரரே பின்னாளில் சொன்ன கணக்குப்படி வாரத்துக்கு நாலைந்து புட்டி பிராந்தி தீர்ந்திருக்கிறது. ஒரே நாடகக் கருவைப் பலரிடம் காட்டி முன்பணம் வாங்கினார். மனைவி கொடுத்துவந்த உதவித்தொகையை, விட்டுவிடுவதாகச் சொன்ன ஆண் நண்பரின் உறவுக்குத் திரும்பிப் போய்க் கெடுத்துக்கொண்டார். இவை எல்லாம் உண்மை. ஆனால் ஊதாரியாக இருந்தவன் ஏழையாகச் சாக முடியாது என்று உங்களுக்கு யார் சொன்னது? ஊதாரிகள்தான் பெரும்பாலும் அப்படிச் சாகிறார்கள்.

"இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய பதிவா" என்பது இரண்டாவது. சின்ன விஷயம்தான். அதனால்தான் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் அப்பா ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவராக இருந்தார். அடுத்தவர் எழுத்தில் ஒற்றுப்பிழை விடாமல் பார்த்த கண்கள்; தன் சம்பளத்தை ஒரு நாளும் சரியாகக் கணக்குப் பார்த்ததில்லை. வாடகை வீட்டில்தான் இறந்தார். பச்சை அட்டை போட்ட வாடகை நோட்டு ஒன்று உண்டு. மாதத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் வீட்டுக்காரரின் கையெழுத்து. அப்பா போன அன்று கடைசி நான்கு கட்டங்கள் காலியாக இருந்தன. வீட்டுக்காரர் மாலையோடு வந்தார், ஓரமாக நின்றார், காரியம் முடியும்வரை பாக்கியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அண்ணன் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து முடித்தபோது, கடைசிக் கட்டத்தில் வீட்டுக்காரர் என் அப்பாவின் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தெருவில் இன்று ஒரு சதுர அடி என்ன விலை போகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை. எங்கள் வீடு இருந்த இடத்தில் ஆறு மாடி நிற்கிறது. போன ஆண்டு ஒரு கல்யாண வரவேற்பில், நான் வளர்ந்த தெருவின் பெயரைக் கேட்டதும் ஒருவர், "அடேயப்பா, அந்தத் தெருவா? அப்போ பரம்பரைப் பணக்காரர்னு சொல்லுங்க" என்றார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்த நோட்டை எடுத்து அந்த நான்கு கட்டங்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடத்தின் இன்றைய விலையைக் காட்டி அன்றைக்கு அங்கே இருந்தவனின் பையை அளப்பது எனக்குச் சின்ன விஷயமாகப் படாததற்கு இதுதான் காரணம்.

வைல்டிடம் திரும்புகிறேன். அவர் இறந்த பிறகு நடந்ததை அருகிலிருந்த நண்பர் ராபர்ட் ராஸ் ஒரு கடிதத்தில் விவரித்திருக்கிறார். வந்த மலர்வளையங்களைக் கணக்கெடுத்து எழுதும்போது, விடுதிக்காரர் வைத்த, மணிகள் கோத்த வளையத்தைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அதில் பொறித்திருந்தது இரண்டே வார்த்தைக்குள் அடங்குகிற செய்தி: 'என் குடித்தனக்காரருக்கு'. மகாகவிக்கு என்றோ, நாடகமேதைக்கு என்றோ இல்லை. விடுதியின் பணியாளர்களும் அதே மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். பெரிய பாக்கி வரவேண்டியிருந்த மனிதர் காசு கொடுத்து வாங்கி வைத்த வளையம் அது என்பதை நினைத்துக்கொண்டு இன்னொரு முறை படியுங்கள். மிச்சமிருந்த அந்தப் பாக்கியைப் பின்னர் அடைத்தவர் ராஸ். பான்யூ கல்லறைத் தோட்டத்தில் மலிவான சவ அடக்கம். 1909இல்தான் பாரிஸின் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். வருபவர்கள் கல்லறையில் பதிக்கும் உதட்டுச்சாய முத்தங்கள் கல்லை அரிக்கின்றன என்று 2011இல் கண்ணாடித் தடுப்பு வைக்கும் அளவுக்கு இன்று அங்கே கூட்டம். இருந்தபோது அவரோடு கைகுலுக்கத் தயங்கியவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கை யாரும் கண்ணாடிக்குள் வைக்கவில்லை.

மூன்றாவது எதிர்ப்பாட்டு: "அப்போ அந்த ஹோட்டல் அவர் பேரைச் சொல்லிச் சம்பாதிப்பது தப்பு என்கிறீர்களா?" இல்லை. அப்படி நான் எங்கும் எழுதவில்லை, எழுதாததற்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு நேரமுமில்லை. அவர் பெயரில் ஓர் அறை வைத்திருக்கிறார்கள். அந்த அறையின் சுவரிலேயே, பாக்கியைக் கேட்டு விடுதியிலிருந்து அவருக்கு எழுதிய கடிதத்தைச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார்கள். அது நேர்மையான காரியம் என்றுதான் சொல்வேன். ஆடம்பர மெத்தையில் படுப்பவர் கண்ணில் முதலில் படும்படி கடன் கடிதம்! ஸ்கிரீன்ஷாட் போட்டவர் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

அதே வாசலில் இன்னோர் எழுத்தாளரின் பெயரும் பதிந்திருக்கிறது. 1970களின் பிற்பகுதியிலிருந்து அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் பாரிஸுக்கு வரும்போதெல்லாம் அங்கே தங்கியிருக்கிறார். சிறுவனாக இருந்தபோதே வைல்டின் கதை ஒன்றை ஸ்பானிய மொழியில் பெயர்த்தவர் அவர். சொகுசு விடுதியாக மாறிய பிறகுதான் வந்தார், ஆம். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அதற்கும் ஒரு வட்டம் போடுவீர்கள். ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவருக்குப் பார்வை போய்விட்டது. அந்த வீட்டின் திரையும் விளக்கும் எந்த நிறம் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. அவர் எதற்காக அங்கே போய்த் தங்கியிருப்பார் என்பதை யோசிக்க உங்களுக்கு நல்ல கண்கள் இருக்கின்றன.

வாசலில் இருக்கும் வைல்டின் நினைவுப் பலகையைப் பற்றி ஒரு சின்னத் தகவல். அதில் பிறந்த ஆண்டு 1856 என்று இருக்கிறது. அவர் பிறந்தது 1854இல். உயிரோடு இருந்தபோது வயதை இரண்டு குறைத்துச் சொல்வது அவர் வழக்கம். நீதிமன்றத்திலேயே அதற்காக மாட்டிக்கொண்டார். அப்பா பார்த்திருந்தால் ஒரு சிவப்பு வட்டம் போட்டிருப்பார். அது நியாயமான வட்டமாக இருந்திருக்கும்.

இது அந்த ஒரு கட்டடத்தோடு நிற்கிற கதையும் அல்ல. லண்டன் சோஹோவில் ஃபிரித் தெருவில், கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட் 1830இல் ஒரு வாடகை அறையில் இறந்தார். புதிதாகக் குடிவருபவர்களுக்கு அறையைக் காட்டுவதற்காக வீட்டுக்காரம்மா உடலைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தார் என்று ஒரு கதை உண்டு. துப்புவாரியேயின் மணிவளையத்தின் அருமை இந்தக் கதைக்குப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். அந்த வீடும் இன்று ஹாஸ்லிட்டின் பெயரிலேயே ஓர் உயர்தர ஹோட்டல். வைல்டைக் கைது செய்த கடோகனும் சொகுசு ஹோட்டல்தான். எழுத்தாளனைப் பிடித்துக்கொண்டு போன அறைக்கும், பிணமாகத் தூக்கிக்கொண்டு போன அறைக்கும் இப்போது முன்பதிவு செய்ய வேண்டும். அந்தக் காசில் ஒரு மாத வாடகையை அவர்களுக்கு அப்போதே யாராவது கொடுத்திருக்கலாம். இப்படி எழுதினால் உணர்ச்சிவசப்படுகிறேன் என்பீர்கள். வசப்பட்டுத்தான் இருக்கிறேன்.

ஸ்கிரீன்ஷாட் போட்டவர் நேற்று இரவு உள்பெட்டியில், "தமாஷுக்குப் போட்டேன் சார், மனசுல வெச்சுக்காதீங்க" என்று எழுதியிருந்தார். நல்ல பிள்ளைதான். என் பழைய பதிவுகள் பலவற்றுக்கு அக்கறையோடு பின்னூட்டம் எழுதியவர். அதனால்தான் இவ்வளவு வலித்தது என்று அவருக்குப் பதில் எழுதி, அனுப்பாமல் அழித்துவிட்டேன். முகம் தெரியாத ஒருவர் போட்டிருந்தால் கடந்து போயிருப்பேன்.

அவருடைய ஸ்கிரீன்ஷாட்டை நான் நீக்கப்போவதில்லை. நீக்கச் சொன்ன நண்பர்களுக்கு நன்றி. அதற்கு நேர் கீழே, அந்த அறைச் சுவரில் மாட்டியிருக்கும் பாக்கிக் கடிதத்தின் படத்தை இன்று காலை பின்னூட்டமாகப் போட்டிருக்கிறேன். இதை எழுதி முடிக்கும் நேரத்தில் அதற்கும் இரண்டு சிரிப்புக் குறிகள் விழுந்திருக்கின்றன.