லென்ஸ்மேல கை வைக்காதீங்கய்யா!

போன் கேமராமேல அவங்களா ஒட்டின கண்ணாடி ஃப்ரீயாம். கழட்டுறதுக்கு 50 ரூபாயாம்! கழட்டும்போது உள்ள இருக்கிற கேமரா கண்ணாடி உடைஞ்சா கடை பொறுப்பில்லையாம். நேத்து சாயங்காலம் ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடைவாசல்ல நின்னு இதைக் கேட்டேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல.

நீங்களும் பட்டிருப்பீங்க. முன்னாடி டிஸ்ப்ளேவுக்கு ஒரு டெம்பர் கிளாஸ் ஒட்டித் தாப்பான்னுதான் போனைக் கொடுப்போம். அந்தப் பையன் அதைக் கவுத்துப் போட்டு, பின்னாடி மூணு கேமராமேலயும் கலர் வளையம் வச்ச கண்ணாடியை ஒட்டி, மேல பவுச்சையும் மாட்டித்தான் திருப்பித் தருவான். கேட்டா, "சேஃப்டிக்கு சார், ஃப்ரீதான்." யாருய்யா கேட்டது? என் போன், என் காசு, என் கேமரா. ஒரு வார்த்தை கேட்டா வாய் வலிக்குமா?

எங்கம்மாவுக்கு முட்டி வலி. மயிலாப்பூர்லயே பொறந்து வளர்ந்தவங்க, இப்போ பங்குனிப் பெருவிழாக் கூட்டத்துல நிக்க முடியல. அஞ்சாம் நாள் ராத்திரி கபாலி வெள்ளி ரிஷபத்துல கோபுர வாசலுக்கு வர்றதை அவங்க ஒரு வருஷமும் விட்டதில்ல. "நீ போய் நல்லா ஒரு படம் எடுத்துட்டு வாடா, எனக்கு அது போதும்"னு அனுப்பினாங்க. கூட்டத்துல நசுங்கி, கையைத் தூக்கிப் பிடிச்சு எடுத்துட்டு வந்தேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. "சாமி முகத்துமேல என்னடா பச்சைப் பச்சையா?"ன்னு கேட்டாங்க. எனக்குத் தொண்டை அடைச்சுது. விளக்கு எந்த மூலையில இருக்கோ, அதுக்கு நேர் எதிர் மூலையில அதே விளக்கோட வடிவம் பச்சையா விழுந்திருக்கு. மீதி இடமெல்லாம் பனி மூடின மாதிரி வெளுத்துக் கிடக்கு. எல்லாப் படமும் அப்படித்தான்.

போன் கம்பெனியோட சர்வீஸ் சென்டருக்குப் போனா, அங்கிருந்த பொண்ணு பவுச்சைக் கழட்டிக்கூடப் பார்க்கல. "லோ லைட்ல இந்த மாடல் அப்படித்தான் சார், மேல் மாடல் பாருங்க."

மேல் மாடலா? இருட்டுல ஒரு சின்ன கேமரா படம் எடுக்க என்ன பாடுபடுதுன்னு அந்தப் பொண்ணுக்கும் தெரியல, ஒட்டின பையனுக்கும் தெரியல. 50 மெகாபிக்சல்னு பெட்டியில பெருசா போடுறாங்களே, அதுல ஒரு பிக்சலோட அகலம் பெரும்பாலும் ஒரு மைக்ரானை, அதாவது மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும், பல போன்ல அதுக்கும் கீழ. அவ்வளவு சின்ன இடத்துல விழுற வெளிச்சம் போதாதுன்னுதான் நாலு பிக்சலைச் சேர்த்து ஒண்ணாக்கி, கடைசியில 12.5 மெகாபிக்சல் படமாக் கொடுக்குது. லென்ஸ் துளையை எஃப்-னு ஒரு எண்ணால சொல்வாங்க, எண் குறைஞ்சா துளை பெருசு. எஃப் 2.4 துளையை எஃப் 1.8 ஆக்கினா கிட்டத்தட்ட 1.8 மடங்கு வெளிச்சம் உள்ள வரும்னு அதுக்காக அடிச்சுக்கிறாங்க. கூகுள் 2018-லயும் ஆப்பிள் 2019-லயும் நைட் மோடு கொண்டு வந்ததும் இந்தப் பஞ்சத்தைச் சமாளிக்கத்தான். பல ஃப்ரேம் எடுத்து ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கினா, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறுற புள்ளி இரைச்சல் அடங்கிப் போகும்.

இவ்வளவு கஷ்டப்பட்டு சொட்டுச் சொட்டா சேர்க்கிற வெளிச்சத்துக்குக் குறுக்கதான் இவன் இன்னொரு கண்ணாடியை ஒட்டுறான். கோட்டிங் இல்லாத சாதாக் கண்ணாடியில ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு, ஆக 8. அதாவது தொலையட்டும். உள்ள போய் சென்சார்ல, அதாவது படத்தைப் பிடிக்கிற சில்லுல பட்டு, லென்ஸ் வழியா வெளிய திரும்புற வெளிச்சத்துல ஒரு பங்கு இந்தக் கண்ணாடியில முட்டி மறுபடி உள்ள வந்து உக்காருது பாருங்க, அம்மா பார்த்த பச்சை அதுதான். பகல்ல தெரியாது. ராத்திரி, கருப்புப் பின்னணி, நடுவுல பளீர்னு விளக்குன்னா தப்பாம தெரியும். நைட் மோடும் இதைத் துடைக்காது, ஏன்னா இது இரைச்சல் இல்ல, எல்லா ஃப்ரேம்லயும் நிஜமாவே விழுந்த வெளிச்சம். ஃப்ளாஷையும் சேர்த்து மூடுற ஒற்றைக் கண்ணாடின்னா ஃப்ளாஷ் வெளிச்சமே பக்கவாட்டுல லென்ஸுக்குள்ள வழியும். நம்ம ஊர் வேர்வையும் தூசியும் அந்த இடுக்குல போய் அடைஞ்சா எதை வச்சுத் துடைப்பீங்க?

சரி, நேத்து நடந்ததுக்கு வர்றேன். கடைக்காரர்கிட்ட படத்தைக் காட்டினேன். ரெண்டு விரலால பெருசாக்கினார். சின்னதாக்கினார். மறுபடி பெருசாக்கினார்.

"லைட்டு எதிர்ல இருந்துச்சா சார்?"

"இருந்துச்சு."

"அதான் சார்."

"எது அதான்?"

"லைட்டு எதிர்ல இருந்தா அப்படித்தான் வரும்."

"வாங்கின புதுசுல வரலையே?"

"புதுசுல எல்லாமே நல்லாத்தான் சார் இருக்கும்."

"நீங்க ஒட்டின அப்புறம்தான் வருது. இதே மாதிரி விளக்கை முன்னாடியும் எடுத்திருக்கேன், இந்தா பாருங்க."

பார்க்கல. பக்கத்துல ஒருத்தருக்கு சார்ஜர் எடுத்துக் கொடுத்தார். சில்லறை எண்ணினார். திரும்பி வந்து, "டெய்லி எவ்வளவோ பேருக்கு ஒட்டுறோம், யாரும் வந்து கேட்டதில்லையே சார்"னார். யாரும் கேட்கலைன்னா, எல்லாரும் தன் போன்தான் மட்டம்னு நினைச்சுக்கிட்டு வீட்ல இருக்காங்கன்னு அர்த்தம்! அப்புறம்தான் அந்த 50 ரூபா பேச்சு. கொடுத்தேன். பையன் பிளேடை எடுத்தான். பிளேடு, என் லென்ஸுக்குப் பக்கத்துல! பிடுங்கி நானே நகத்தால நெம்பி எடுத்தேன். மூணாவது வளையத்தோட பசை பாதி அப்படியே நிக்குது. அங்கயே அவர் கடை போர்டு எல்இடியை எடுத்துக் காட்டினேன். பச்சை சுத்தமா இல்ல. கண்ணு முன்னாடி நிரூபணம். "ரெண்டும் நல்லாத்தான் சார் இருக்கு"ன்னு சொல்லிட்டு, "கோட்டிங் போட்ட லென்ஸ் கார்டு வந்திருக்கு, 400 ரூபா, போட்டுடவா?"ன்னு போன்மேல கை வைக்கிறார்!

சுவர் பூரா போஸ்டர், 9எச், 11டி, 21டி. 9எச்-ங்கிறது பென்சிலால கீறிப் பார்க்கிற சோதனையோட அளவு. வைரம் 10, இது 9-ன்னு நம்மளை நம்ப வைக்கிற மோஸ் அளவு, அதாவது எந்தக் கல் எதைக் கீறும்னு சொல்ற அளவு, வேற. மோஸ்ல கண்ணாடி 5.5, 6-லதான் நிக்கும், குவார்ட்ஸ் 7. மெரினா மணல்ல குவார்ட்ஸ் நிறைய இருக்கு, அது இவங்க 9எச்-சையும் கீறும், போனோடயே வர்ற உங்க கொரில்லா கிளாஸையும் கீறும். சாவியால கீறிக் காட்டுறாங்களே, பித்தளைச் சாவி எந்தக் கண்ணாடியைக் கீறியிருக்கு? 11டி, 21டி-க்கு அளவுகோலே கிடையாது, வாய்க்கு வந்த எண். கீழ விழும்போது டிஸ்ப்ளேக்குப் பதிலா மேல் கிளாஸ் உடையும், அதுக்காக ஒண்ணு ஒட்டிக்கலாம், ஓரம் தூக்கின பவுச் இன்னும் நல்லது. அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்லி விக்க என்ன கேடு? "டிஸ்ப்ளே போனா 15,000 சார்"னு பயமுறுத்தித்தான் விக்கணுமா? என் தங்கச்சி போன்ல யூவி கிளாஸ்னு, யூவி லைட்டுல இறுகுற பசையை ஊத்தி, அது இயர்பீஸுக்குள்ள இறங்கி, இப்போ அவ பேசினா எதிர்ல இருக்கிறவங்க குரல் கிணத்துக்குள்ளேர்ந்து வருது. அதுக்கும் "செட்டில் ஆயிடும்மா"ன்னாங்க. ஆகல.

கபாலி அந்த வெள்ளி ரிஷபத்துல கோபுர வாசலுக்கு வர இனி அடுத்த பங்குனி ஆகணும். அதை எவன் திருப்பித் தருவான்?

வெளிய வந்தா, பார்க்கிங்னு காசு வாங்கினவனைக் காணோம். நிறுத்தின இடத்துல வண்டி இல்ல, நாலு வண்டி தள்ளி சொருகி வச்சிருக்கான். கண்ணாடியில மாட்டியிருந்த என் ஹெல்மெட்டுக்குள்ள எவனோ டீ கப்பைப் போட்டு வச்சிருக்கான். பாதி டீயோட! சூடு ஆறாத டீ! இதை மாட்டிக்கிட்டு நான் மயிலாப்பூர் வரைக்கும் எப்படிய்யா போறது?