ஆறரை மணி நேரம் இல்லீங்க, பதினெட்டரை
‘சிங்கப்பூர்ல நள்ளிரவு 12 மணிக்கு விமானம் ஏறினா அதே நாள் காலை 6.30க்கு நியூயார்க், ஆறரை மணி நேரம்தான்’னு ஒருத்தர் போட்டிருக்கார். சார், டிக்கெட்ல இருக்கிற ரெண்டு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரம். கோடையில நியூயார்க் 12 மணி நேரம் பின்னால இருக்கு. அதையும் கூட்டுங்க, பதினெட்டரை வரும். (நவம்பர்ல அங்க கடிகாரத்தைத் திருப்பி வெச்சதும் வித்தியாசம் 13 ஆயிடும்.)

தூரம் சுமார் 15,300 கி.மீ. அதை ஆறரை மணி நேரத்துல தாண்டணும்னா மணிக்கு 2,350 கி.மீ. வேகம் வேணும். ஒலியை விட வேகமாப் பறந்த கான்கார்ட் விமானமே பயணிகளோட அவ்வளவு வேகமாப் பறந்ததில்ல! இந்த ரூட்ல நேரடியா ஓடுறது ஏர்பஸ் ஏ350 விமானம். அதுல சாதாரண எகானமி சீட்டே கிடையாது, பட்ஜெட் போடுறவங்க அதையும் பார்த்துக்குங்க.