மூச்சு முட்டுகிறவன் எத்தனை வாசல் ஏறுவது?

சம்பளத்தில் மாதாமாதம் இலங்கை அரச ஊழியர்களுக்கான அக்ரஹார மருத்துவக் காப்புறுதிக்குக் கழிக்கிறார்கள். சுவாச நோய் நிபுணரைத் தனியாரில் காசு கட்டிப் பார்க்க, அதாவது சனல் பண்ணப் போனால், கார்டை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். முதலில் காசு கட்டு, பிறகு பில்லைக் கொண்டு அலை. பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு 100 கிலோமீற்றருக்கு மேல். பத்து அடி நடந்தாலே இழுக்கிற மனுஷன் எத்தனை தரம் பஸ் ஏறுவான்?

அதைவிட வயிறு எரிவது நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்று ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையில். அதற்கு முன் குறைந்தது 4 மணித்தியாலம், மூச்சுக் குழாயை விரிக்கிற சல்பியூட்டமோல் பம்ப் அடிக்கக் கூடாது. துண்டு எழுதும்போதே இதைச் சொன்னால் என்ன? விடிய எழும்பி, முட்டுத் தாங்காமல் இரண்டு தரம் அடித்துவிட்டு வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். பம்பைத் தொடாமல் வந்தவருக்கும் ஒரே ஊதலோடு ரிப்போர்ட். ஊதிய பிறகு 100 மைக்ரோகிராம் பம்பில் 4 தரம் கொடுத்து, 15 நிமிடம் இருத்தி, மறுபடி ஊத வைக்க வேண்டும். அந்த இரண்டாவது ஊதல் இல்லாமல் மருந்துக்கு நன்றாக விரிகிற அஸ்மாவா, அவ்வளவாக விரியாத சிஓபிடி எனும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயா என்று எதை வைத்துப் பிரிப்பது?

வெள்ளாமை வெட்டுக் காலம் வேறு. சூடடிக்கிற தூசியில் ஊரே இருமுகிறது. சோதனைக்குத் தருகிற திகதியோ அடுத்த மாதத்துக்கு!