வாட்ச் காட்டுற கலோரி பத்தி ஒரு திருத்தம்
ஸ்மார்ட் வாட்ச் ஹார்ட் ரேட்டை, அதாவது இதயத் துடிப்பை, சரியா காட்டுது, அதனால உடம்பு எரிச்சதா அது சொல்ற கலோரியும் சரியாதான் இருக்கும்னு சிலர் சொல்றாங்க. முதல் பாதி பெரும்பாலும் சரிதாங்க, ரெண்டாவதுதான் இடிக்குது. வாட்ச் கலோரியை அளக்கல, துடிப்போட நீங்க குடுத்த வயசு, எடை, உயரம் எல்லாத்தையும் ஒரு ஃபார்முலாவுல போட்டு ஊகிக்குது, அவ்வளவுதான். நிஜமா அளக்கணும்னா மூச்சுல எவ்வளவு ஆக்சிஜன் செலவாகுதுன்னு மாஸ்க் போட்டுப் பாக்கணும். 2017ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல 60 பேரை வச்சு, கைல கட்டுற 7 கருவிகளை இப்படி ஒப்பிட்டாங்க, 6 கருவில துடிப்புப் பிழை 5 சதவீதத்துக்குள்ளதான், ஆனா கலோரில இருக்கறதுலயே நல்லா வந்த கருவிக்கே சராசரியா 27 சதவீதம் பிழை, மோசமானதுக்கு 93.

வெயில், காபி, பதட்டம்னு எதுக்கு வேணா துடிப்பு ஏறும், அதுக்கேத்த மாதிரி கலோரி எரியாது. சீரா ஓடுறப்போ ஓரளவு கிட்ட வரும், வெயிட் தூக்குறப்போ ரொம்ப தடுமாறும். வாட்ச் 500னு காட்டுச்சுன்னு அவ்வளவையும் கூடுதலா சாப்பிடுறவங்களை நினைச்சாதான் எனக்கு கவலையா இருக்கு.

நீங்களே செக் பண்ணலாம். ஒரு நாள் அரைமணி நேரம் ஒரே வேகத்துல நடந்து துடிப்பு, கலோரி ரெண்டையும் குறிச்சுக்கோங்க, மறுநாள் ஆப்ல எடையை மட்டும் 20 கிலோ கூட்டி வச்சுட்டு அதே நடை நடங்க. துடிப்பு கிட்டத்தட்ட அதேதான் வரும், உங்க உடம்பும் அதேதான், கலோரி மட்டும் ஏறியிருக்கும். பாத்துட்டு எடையை மறக்காம பழையபடி மாத்திடுங்க.