திரை இருந்தால் ஜன்னல் வேண்டாமா?

"சின்ன விமானங்களில் இப்போது எல்லாமே திரையில் தெரிந்துவிடும், பைலட் வெளியே பார்க்கவே தேவையில்லை" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

அமெரிக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவி அங்கே 2020 ஜனவரியிலிருந்து கட்டாயம்தான், ஆனால் குறிப்பிட்ட வான்பகுதிகளில் மட்டும். மின்சார அமைப்பே இல்லாத பழைய பைப்பர் கப் என்ற சின்ன விமானம், இன்ஜின் இல்லாமல் மிதந்து பறக்கும் கிளைடர், பலூன் போன்றவற்றுக்கு அதிலும் பெரும்பாலும் விலக்கு உண்டு. அந்த ஒலிபரப்பு இல்லாததால் அவை உங்கள் திரையில் வராமலே பக்கத்தில் பறக்கலாம். பார்வைக்கு எட்டும் வானிலை இருந்தால், கண்ணால் பார்த்து விலகுவது பைலட்டின் பொறுப்பு என்று அமெரிக்க விமான விதி 91.113 நேராகவே சொல்கிறது.

அதனால்தான் ஸ்டால் (இறக்கை தூக்கும் விசையை இழப்பது) பயிற்சிக்கோ செங்குத்தான திருப்பத்துக்கோ முன்னால், ஒரு பக்கம் 90 டிகிரி, அப்புறம் மறுபக்கம் 90 டிகிரி திரும்பிச் சுற்றிலும் தேடுகிறார்கள். செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால், திரும்பப்போகும் பக்கத்தை அதுவே மறைத்துவிடும். முதலில் அந்த இறக்கையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். கண்ணையும் சும்மா சுழற்றினால் போதாது, 10 டிகிரி அளவுக்கு நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் ஒரு நொடியாவது நிறுத்த வேண்டும்.

சரி, இன்னொரு விமானம் வந்தால் அது அசைவது தெரியாதா என்று கேட்கலாம். மோதும் பாதையில் வரும் விமானம் பெரும்பாலும் ஜன்னல் கண்ணாடியில் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும், மெல்லப் பெரிதாகும், அவ்வளவுதான்.