சிறை வானொலி: ஒரு சின்னத் திருத்தம்

சிறை வானொலி பற்றிய பேச்சில் ஒருவர், "சிறைக்குள் எஃப்எம் நிலையம் வைத்தால் அலைவரிசை வழியாக வெளியே சேதி போய்விடும்; உள்ளே இருப்பவர்களுக்குச் சினிமாப் பாட்டு ஒரு சொகுசு" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

2021 ஜனவரியில் ஹரியானாவின் பானிபட் சிறையில் தொடங்கிய வானொலி அந்த வளாகத்துக்குள் மட்டும்தான் ஒலிக்கிறது. நம் ஊட்டி வானொலி மாதிரி மலை தாண்டி வருகிற சமாச்சாரம் இல்லை. பேசுபவர்கள் பயிற்சி பெற்ற கைதிகளே. லண்டன் பிரிக்ஸ்டன் சிறை வானொலியிலும் 2007 முதல் கைதிகள் பேசுகிறார்கள்.

வெளியிலிருந்து உள்ளே போகும் வானொலியும் உண்டு. அமெரிக்காவின் கென்டக்கியில் வைட்ஸ்பர்க் என்று ஒரு மலை ஊர், நிலக்கரிச் சுரங்கப் பகுதி. சுற்றிலும் சிறைகள். அவ்வளவு தூரம் வர முடியாத குடும்பங்கள் போனில் பேசிப் பதிவு செய்வதை அங்குள்ள சமூக வானொலி ஒலிபரப்புகிறது. "அப்பா, பரீட்சை எழுதிட்டேன்" என்கிற அளவில்தான் பேச்சு. ஊரே கேட்கும்போது இதில் என்ன ரகசியச் சேதி?

இதன் அருமை கூடலூர்க்காரர்களுக்குப் புரியும். எங்கள் பக்கத்து லைன் வீட்டு அக்கா, மகனைப் பார்க்க விடிவதற்குள் பஸ் ஏறி, ஊட்டி வழியாகக் கோவை மத்திய சிறைக்குப் போய்வருவார். அன்றைய தேயிலைக் கூலி போச்சு. மழையில் மண் சரிந்தால் அந்தப் பயணமும் இல்லை. இப்படிப்பட்டவர்களின் குரலை உள்ளே கொண்டுபோகும் வானொலியையா சொகுசு என்கிறீர்கள்?