அந்த அக்கா சொல்லாததை நீங்கள் ஏன் சொன்னீர்கள்?

மூன்று நாளாக அந்த வீடியோவை எனக்கு அனுப்பாத ஆள் இல்லை. "உங்கட கிளிநொச்சி அக்காவின்ட உண்மைக் கதையப் பார்த்தியா" என்று ஒரு குறிப்பும் சேர்த்துத்தான் வருகிறது. பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அதில் சொன்ன எதையும் இங்கே திருப்பி எழுத மாட்டேன். பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்கள் தயவுசெய்து தேடிப்போக வேண்டாம்.

நடந்தது என்ன? தையல்கடை வைத்திருக்கும் ஒரு மனுசி, மணப்பெண் பிளவுஸ் தைப்பதைப் பற்றி ஒரு பேட்டி கொடுத்தார். ஆறு பெட்டைப் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்திருப்பதைச் சொன்னார். கடன்பட்டு வாங்கின ஜூக்கி மெசினைத் தொட்டுக் காட்டினார். நல்ல சீலை உடுத்து, தலையை வடிவாகக் கட்டி, நிமிர்ந்து இருந்து கதைத்தார். அது யாருக்கோ பொறுக்கவில்லை. கமராவைத் தூக்கிக்கொண்டு அவருடைய பழைய ஊருக்குப் போய், பழைய மாமியார் வீட்டுப் படலையில் நின்று, பதினைந்து வருசத்துக்கு முந்தினதை எல்லாம் கிண்டி எடுத்துக்கொண்டு வந்து போட்டிருக்கிறார்கள்.

அதைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அந்த அக்காவின் விருப்பம். இதைத் தவிர எனக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை, ஆனால் கீழே வந்து கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும், அதனால் எழுதுகிறேன்.

"பொய் சொன்னவதானே" என்கிறீர்கள். தையலை அம்மாவிடம் பழகினேன் என்று பேட்டியில் சொன்னார், பழகினது வேறு இடத்தில். சரி, பொய்தான். அந்தப் பொய்யால் நட்டப்பட்ட ஒருவரைக் காட்டுங்கள். 2009இல் போர் முடிந்த பிறகு, புலிகள் இயக்கத்தில் இருந்தவர்கள் என்று ஏறத்தாழ 12,000 பேரைப் புனர்வாழ்வு என்று கொண்டுபோய்த் திருப்பி அனுப்பின மண் இது. போரில் இடம்பெயர்ந்தவர்களை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற சனம் நாங்கள். எந்தக் கேள்விக்கு எந்தப் பதிலைச் சொன்னால் வீட்டுக்கு விடுவார்கள் என்று எங்களுக்குப் பழக்கினது யார்? பதிவு, பதிவு, திரும்பவும் பதிவு. அப்படி உயிரைக் காப்பாற்றின சனத்திடம், இப்போது முழு உண்மையும் சொல்லு என்று கமராவைப் பிடிக்கிறீர்கள்.

கனடாவில் இருக்கும் ஒரு நண்பர் எழுதியிருந்தார், "இதில் வெட்கப்பட என்ன இருக்கு, பெருமையாகச் சொல்லியிருக்கலாமே" என்று. அவர் நல்ல மனதோடுதான் எழுதினார், அது எனக்கு விளங்குகிறது, அந்தக் கேள்வி என்னை ஒரு நாள் முழுக்க யோசிக்கவும் வைத்தது. ஆனால் அண்ணை, பெருமை உங்களுக்கு, வீடு தேடி வரும் விசாரணை அவவுக்கு. நாளைக்கு மகளுக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்தால் மாப்பிள்ளை வீட்டார் முதலில் ஊருக்குள் விசாரிப்பது எதை? மேடையில் வீரப் பெண்கள் என்று கவிதை வாசிக்கும் அதே வாய்தானே, வீட்டுக்கு மருமகள் எடுக்கும்போது "அங்க இருந்த பிள்ளையாம்" என்று குரலைத் தாழ்த்துகிறது.

நான் இதை எழுத என்று தொடங்கவில்லை. 2008இல் எனக்குப் பதினேழு வயது. மல்லாவியிலிருந்து இடம்பெயர்ந்து தர்மபுரத்தில் தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். வீட்டுக்கு ஒரு ஆள் என்று இயக்கம் பிள்ளைகளைப் பிடித்த காலம். கழுத்தில் தாலி இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று சனம் நம்பியது. கார்த்திகை மழையில், வெள்ளம் கொட்டிலுக்குள் வந்து நிற்க, கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டி எனக்குக் கலியாணம் செய்து வைத்தார்கள். அம்மாவின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளைக்கும் வயது இருபது ஆகவில்லை. பங்குனியில் பொக்கணையில் ஷெல் பட்டுப் போய்விட்டார். நாலு மாதம். அவருடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

2013இல் வவுனியாவில் ஒரு வேலைக்கு நேர்முகத்தேர்வு. படிவத்தில் திருமணமாகாதவர் என்று எழுதினேன். "இடையில் இரண்டு வருசம் என்ன செய்தீர்கள்" என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார், கேட்டுவிட்டு என் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். சுகமில்லாமல் இருந்தேன் என்றேன். வேலை கிடைத்தது. நானும் பொய்காரிதானா? இப்போதைய என் மனிசனுக்கு எல்லாம் தெரியும். வேறு யாருக்கும் தெரிய வேண்டிய தேவை இருக்கவில்லை, இன்றைக்கு நானாகச் சொல்லும் வரைக்கும். நானாக. அந்த ஒரு சொல்லைத்தான் அந்த அக்காவிடமிருந்து பிடுங்கிவிட்டீர்கள்.

"பொதுவுக்கு வந்தால் கேள்வி வரும்" என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. அவர் பொதுவுக்குக் கொண்டுவந்தது பிளவுஸை. ஏழைகள் அழும் வீடியோவைப் போட்டு வெளிநாட்டுக் காசு சேர்த்தே பழகிவிட்டோம். அழாமல் ஒரு பெண் இருந்தால் அழவைத்துப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது. மைக்கை நீட்டியதும் அழுதிருந்தால் பாவம் என்று ஆயிரம் பேர் எழுதியிருப்பீர்கள். அவர் சிரித்ததுதான் குற்றம்.

நேற்றுப் பின்னேரம் கடைக்குப் போனேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கட்ட எடுத்த சீலைக்கு பிளவுஸ் தைக்கக் கொடுக்க வேண்டும். சட்டர் பாதி இறக்கிக் கிடந்தது. குனிந்துதான் உள்ளே போனேன். அதே நல்ல சீலை, அதே முழுக்கைச் சட்டை, கழுத்தில் அளவு நாடா. இந்த வெயிலுக்கும் அவர் முழுக்கைதான் போடுவார், ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வீடியோவைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. ஆறு மெசினில் இரண்டு துணி போட்டு மூடிக் கிடந்தன.

"தாய்மார் அனுப்பேல்லை" என்றார், தலை நிமிர்த்தாமல்.

அளவை எடுத்துக் கொப்பியில் எழுதினார். பக்கத்தில் வியாழக்கிழமை என்று போட்டார். பிறகு மூடிக் கிடந்த மெசின்களைப் பார்த்துவிட்டு, அதை வெட்டி, அடுத்த திங்கள் என்று எழுதினார்.